பதினோராம் நாள் பால்

2023 ஜனவரி 17, செவ்வாய்க்கிழமை. காலை நான்கு பத்துக்கு எழுந்தேன். ஜன்னலுக்கு வெளியே மாட்டியிருக்கும் வெப்பமானி பத்து டிகிரி காட்டியது. பல் துலக்கிவிட்டுக் கெட்டிலில் வெந்நீர் வைத்தேன். பால் சேர்க்காத தேநீர், ஒரு குவளை. பால் பண்ணையில் வேலை பார்க்கிறவன் கட்டன் சாயா குடிக்கிறானே என்று அறைக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள். நாள் முழுக்கப் பாலை முகர்ந்துகொண்டிருப்பவனுக்குக் காலையின் முதல் வாசனையாவது வேறாக இருக்க வேண்டும் என்பது என் ஏற்பாடு. நான்கு நாற்பதுக்குச் சீருடை, ரப்பர் பூட்ஸ், சட்டைப் பையில் சிறு குறிப்பேடு, இரண்டு பேனா, பால் மாதிரிக்கு ஒரு சிறு பாட்டில். நான்கு ஐம்பதுக்குக் குடியிருப்பு வாசலில் மினி பஸ்.

அன்று பஸ் நின்றிருந்தது, கிளம்பவில்லை. அமீரகத்தில், அல் ஐன் பக்கத்துப் பாலைவனத்தில், ஜனவரியில் சில நாள் இறங்கும் பனிமூட்டம் அது. விளக்கைப் போட்டும் பத்தடிக்கு மேல் வெளிச்சம் போகவில்லை. ஓட்டுநரான பாகிஸ்தான்காரப் பட்டாணி பாய் ஸ்டியரிங்கின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு, ரோடு மாஃபி, வழியே இல்லை, உட்காருங்கள் என்றார். ஐந்தே காலுக்கு மெதுவாக உருட்டத் தொடங்கி, பண்ணையின் முதல் வேலி வந்ததும் நிறுத்திவிட்டார். ஆய்வுக்கூடம் அங்கிருந்து எழுநூறு மீட்டர். நேரத்துக்குப் போயாக வேண்டும். நான் இறங்கி, கம்பி வேலியை இடது கையால் தொட்டுக்கொண்டே நடந்தேன். அந்த வேலி என்னைத் தெற்குக் கொட்டிலுக்குள் கொண்டுபோய் விட்டது.

நான் இந்தப் பண்ணையின் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். அப்போது பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஈன்ற பசுவின் பால் எந்த நாளிலிருந்து பெரிய தொட்டிக்குப் போகலாம் என்று சோதித்துச் சொல்வது என் வேலைகளில் ஒன்று. ஈன்றதும் பசுவின் பின்னங்காலில் மஞ்சள் பட்டை ஒன்றைக் கட்டிவிடுவார்கள். பட்டை இருந்தால் அந்தப் பால் தொட்டிக் குழாய்க்குப் போகாது. தனி வாளியில் பிடித்துக் கன்றுகளுக்குக் கொடுப்பார்கள். ஐந்தாம் நாள் அந்தப் பாலின் மாதிரி என்னிடம் வரும். சரியாக இருந்தால் ‘தெளிவு’ என்று சீட்டு எழுதி, பார்லர் என்று எல்லோரும் சொல்லும் கறவைக் கூடத்துக்கு அனுப்புவேன். அன்றே பட்டையை அவிழ்க்க வேண்டும். ஈன்ற பசுக்களுக்கு வடக்கு, தெற்கு என்று இரண்டு கொட்டில்கள். தெற்குக் கொட்டிலுக்கும் அதன் கறவைக்கும் பொறுப்பாளர் ஒரு மலையாளி. என் வயதுக்காரர், ஐம்பதுக்கு ஒன்றிரண்டு குறைவு.

என் வேலை பாட்டில்களோடு. பசுக்களை நான் எண்களாகத்தான் அறிவேன். கொட்டிலுக்குள் கால் வைத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். அந்தக் காலையில் அவை என்னைச் சுற்றி நின்றன. எல்லாம் கறுப்பும் வெள்ளையுமான சீமைப் பசுக்கள். அவற்றின் வெள்ளை முழுவதும் பனியில் கரைந்துபோய், கறுப்புத் திட்டுகள் மட்டும் அந்தரத்தில் மிதந்தன. ஒரு திட்டு அசையும், பக்கத்தில் மூச்சு கேட்கும், வெதுவெதுப்பாக ஏதோ என் முழங்கையை உரசிவிட்டு விலகும். முகம் எங்கே, உடம்பு எங்கே முடிகிறது என்று தெரியாது. எதிரொலி இல்லாத ஒரு குளத்துக்குள் இறங்கியதுபோல் இருந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று குறித்துக்கொள்ளவில்லை. அது என் வழக்கம் அல்ல.

பிறகுதான் கீழே பார்த்தேன். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் மஞ்சள் கோடுகள், அங்கொன்றும் இங்கொன்றுமாக. பனியில் வேறு எந்த நிறமும் தெரியாததால் அவை விளக்குபோலத் தெரிந்தன. எண்ணினேன். ஒன்பது. மறுபடி எண்ணினேன். ஒன்பது. என் சீட்டுகளின்படி அன்று தெற்கில் நான்கு பட்டைதான் இருக்க வேண்டும்.

மிக அருகில் இருந்த பசுவின் காது எண்ணைக் கையால் திருப்பிப் பார்த்தேன். 2716. குறிப்பேட்டை எடுத்துக் கைபேசி வெளிச்சத்தில் புரட்டினேன். எட்டாம் தேதி ஈன்றது. பன்னிரண்டாம் தேதி சோதனை. தெளிவு. பக்கத்திலேயே ‘பட்டை அவிழ்த்த நாள்’ என்ற கட்டத்தில் 12 என்று என் கையெழுத்து.

அந்தக் கட்டத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அதை நிரப்ப வேண்டியது பார்லர். ஆனால் தெளிவு என்று எழுதும்போதே அந்தத் தேதியையும் நானே போட்டுக் கையெழுத்திட்டுவிடுவேன். என் சீட்டு போனால் பட்டை அவிழ்ந்துவிடும் என்பதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. பதினோரு ஆண்டுகளாக, கண்ணால் காணாத ஒரு காரியத்தை நடந்ததாக எழுதிவந்திருக்கிறேன்.

ஐந்து நாற்பத்தெட்டுக்கு ஆய்வுக்கூடம் போய்ச் சேர்ந்தேன். அன்றைய மாதிரிகள் இருபத்தாறு. அவற்றை முடிக்கும்வரை யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

எட்டு இருபதுக்கு, காலைக் கறவை முடிந்ததும், தெற்குக் கொட்டில் பொறுப்பாளர் வழக்கம்போல் ஆய்வுக்கூட வாசலுக்குத் தேநீர்க் கோப்பையோடு வந்தார். பூட்ஸைக் கழற்ற மனமில்லாமல் எப்போதும் வாசற்படியிலேயே நிற்பார். வந்த புதிதில் என்னை சாரே என்று அழைத்தவர், ஒரே மாதத்தில் அண்ணாச்சி ஆக்கிவிட்டார். நான் அவரைச் சேட்டா என்பேன். யார் மூத்தவர் என்று இருவரும் கணக்குப் பார்த்ததில்லை.

இந்தக் குறிப்பில் யார் பெயரையும் எழுதப்போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம், அது அவர் பெயர் இல்லை என்பதால். பாஸ்போர்ட்டில் அவர் பெயருக்குப் பின்னால் மணியாணி என்று இருக்கிறது. பண்ணையில் காவலாளி முதல் எல்லோரும் அதையே அவர் பெயர் என்று நினைத்துக் கூப்பிடுகிறார்கள். அது ஒரு சமூகத்தின் பட்டம். வட கேரளத்தில் காசர்கோடு, கண்ணூர்ப் பக்கம் மாடு வளர்த்து, கோயில்களுக்குப் பாலும் நெய்யும் கொடுத்துவந்தவர்கள். அவர்களில் பசு வைத்திருந்தவர்கள் ஒரு பிரிவு, எருமை வைத்திருந்தவர்கள் ஒரு பிரிவு என்று ஒருமுறை சொன்னார். அப்போது கொட்டிலைக் கைகாட்டி, “இதுங்கள எந்தப் பக்கம் சேர்க்கறது அண்ணாச்சி? பாதி பசு, பாதி எருமை” என்றார். நான் சிவகங்கைப் பக்கத்து ஆட்டுக்காரக் குடும்பம் என்று தெரிந்ததும், “அப்போ நம்ம சொந்தம்தான். பக்ஷே ஆடு, கொறச்சு தாழே” என்று கையைத் தரையை நோக்கிக் காட்டினார்.

அன்று நான் அவரை உள்ளே வரச் சொன்னேன். பூட்ஸோடு வரலாம் என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. கோப்பையை மேசைமேல் வைத்தார். காலையில் பனியில் வழி தவறியதையும் ஒன்பது பட்டைகளையும் 2716-ஐயும் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

“பத்து திவசம் அது கன்னுகுட்டிக்குள்ள பால், அண்ணாச்சி. பதினொண்ணாம் திவசம்தான் மனுஷனுக்கு” என்றார். அவர் பேச்சில் திவசம் என்றால் நாள்.

எல்லாப் பசுவுக்குமா என்று கேட்டேன். தெற்கில் ஈன்ற எல்லாப் பசுவுக்கும், வந்த நாள் முதல் என்றார். இரவுக் கறவைக்காரர்கள் பட்டையைப் பார்த்து வாளி வைப்பவர்கள், அவர்களுக்கு நாள் கணக்கு தெரியாது. பால் எங்கே போயிற்று என்று கேட்டேன். வேறெங்கே, தெற்குக் கன்றுகளுக்கு. அவற்றுக்கு மற்றவர்கள் ஐந்தாம் நாளில் பவுடர் கரைத்துக் கொடுக்கத் தொடங்கும்போது, இவர் பத்தாம் நாள்வரை தாய்ப்பால் கொடுத்திருக்கிறார்.

இது உங்கள் ஆட்கள் எல்லோருக்கும் உள்ள வழக்கமா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை, அவர் வீட்டில் செய்தார்கள். அவர் மனைவியின் வீட்டில்கூட அதைக் கேட்டுச் சிரிப்பார்களாம்.

“எனக்கு பெரிய விஸ்வாசமொண்ணும் இல்ல. ஆனா அஞ்சாம் திவசம் சீட்டு வரும். நான் அந்தக் கால் பக்கத்துல குத்த வெப்பேன். பட்டைய தொடுவேன். கை வரல்ல.”

பிறகு, “இது நான் உங்ககிட்ட எப்பவோ பறஞ்சதல்லே?” என்றார்.

சொல்லவில்லை என்றேன். உறுதியாகச் சொன்னேன்.

நிலைமை என்ன என்பது இருவருக்கும் தெரியும். தொட்டிக்குப் போக வேண்டிய பாலைத் திருப்பினால் அதற்கு ஒரே விதிதான். முந்தைய மாதம் கழுவும் பிரிவில் ஒருவர் தண்ணீர் பாட்டிலில் அரை லிட்டர் பாலை அறைக்குக் கொண்டுபோனதற்கு, மூன்றாம் நாள் விசாவை கேன்சல் செய்து விமானம் ஏற்றிவிட்டார்கள். கன்றுக்குக் கொடுத்தேன் என்பது விதியில் இல்லை.

“மத்தியானக் கறவைக்கு முன்னாடி அஞ்சையும் அவிழ்த்துடறேன். யாரும் அறியில்லா” என்றார். கெஞ்சும் குரலில் அல்ல, ஒரு வழி இருக்கிறது என்று நினைவூட்டும் குரலில்.

அவர் கோப்பையை எடுத்தார். ஆறிப்போயிருந்ததால் மறுபடி வைத்தார். கதவருகே போய் நின்று, வெளியே இன்னும் விலகாத பனியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “நாட்டுக்கு அனுப்பினா அனுப்பட்டும். வீடு உண்டு, பிள்ளைக உண்டு. ஆனா அண்ணாச்சி, அங்க எனக்கு பசு இல்ல. எங்க தொழுத்துல இப்போ மகனோட காரு நிக்குது. பால் பாக்கெட்டுல வருது.”

பன்னிரண்டு நாற்பதுக்கு, சாப்பாட்டு இடைவேளையில் அறைக்குப் போனேன். பனி அப்போதுதான் முழுக்க விலகி, மணல்மேடுகள் கழுவி வைத்ததுபோல் இருந்தன. என் அலமாரியில் வருட வாரியாக நாட்குறிப்புகள் இருக்கின்றன. அவர் கேட்டது உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது. சொல்லவில்லை என்று நான் சொன்னது சரிதானா என்று பார்த்துவிட வேண்டும். பின்னோக்கிப் புரட்டினேன். மூன்று வருடத்துக்கு முந்தைய நாட்குறிப்பில், பிப்ரவரியில், ஒரு வியாழக்கிழமைக்குக் கீழே இருந்தது.

அன்று சீம்பாலைப் பற்றிப் பேச்சு வந்திருக்கிறது. பசு ஈன்றால் எங்கள் பக்கம் சீம்பாலை வெல்லம், ஏலக்காய் போட்டுக் காய்ச்சி, கட்டி கட்டியாகத் தெரு முழுக்கக் கொடுப்போம் என்று சொல்லியிருக்கிறேன். அவர் அதிர்ந்துபோய், “கன்னுக்குட்டி வாயில இருந்து எடுத்து வெல்லம் போட்டோ?” என்று கேட்டிருக்கிறார். அதற்கு நான் சிரித்ததையும் எழுதியிருக்கிறேன். அடுத்த வரி: ‘இவர்கள் வீட்டில் பத்து நாள் பால் எடுப்பதில்லை. பதினோராம் நாள் முதல் பாலில் ஒரு கரண்டி தெய்வத்துக்கு, பிறகே வீட்டுக்கு. இங்கேயும் மனசு கேட்கவில்லை என்றார்.’ அதற்கடுத்த வரி, குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலை நான்கு டிகிரி.

இங்கேயும் மனசு கேட்கவில்லை. என் பேனாவில், என் எழுத்தில். அன்று இரவு அதை எழுதி, தேதி போட்டு, மூடி வைத்திருக்கிறேன். மறுநாள் ஆய்வுக்கூடம் போய் எத்தனையோ பசுக்களுக்கு ‘பட்டை அவிழ்த்தது’ என்று எழுதியிருக்கிறேன்.

சோறு ஆறிவிட்டது. தயிர் ஊற்றி இரண்டு வாய் சாப்பிட்டேன். ஜன்னல் வழியே தூரத்தில் கன்றுக் குடில்கள் தெரிந்தன. வெள்ளை பிளாஸ்டிக்கில், ஒரு கன்றுக்கு ஒன்று என்று வரிசையாக, யாரோ மணலில் கவிழ்த்து வைத்த கிண்ணங்கள்போல. வடக்கு வரிசை, தெற்கு வரிசை. வெயிலில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. ஆனால் அவை ஒன்றல்ல என்பது பண்ணையில் எல்லோருக்கும் தெரியும். வடக்கு வரிசையில் கழிச்சல் கண்டு கன்றுகள் செத்துக்கொண்டே இருக்கும். தெற்கில் அபூர்வம். சூடானியரான கால்நடை மருத்துவர் இதன் காரணத்தைத் தேடி வைக்கோலை மாற்றினார், மணலை மாற்றினார், குடில்களையே இடம் மாற்றினார். இரு வரிசைகளின் தண்ணீரையும் என்னிடம் ஏழு முறை சோதனைக்குக் கொடுத்திருக்கிறார். ஏழு முறையும் ஒரே தண்ணீர்தான் என்று எழுதிக் கொடுத்தேன். போன வாரம் எட்டாம் முறைக்கு பாட்டில் கேட்டிருந்தார்.

மத்தியானம் ஐந்து பட்டையும் அவிழ்ந்துவிட்டால் என் பதிவேட்டில் எல்லாம் சரியாகிவிடும். பத்து நாள் தாய்ப்பால் நின்றுபோய், தெற்கிலும் கன்றுகள் சாகத் தொடங்கும். மருத்துவர் எட்டாம் முறை தண்ணீர் அனுப்புவார். நான் அதைச் சோதித்து, நன்றாகத்தான் இருக்கிறது என்று எழுதுவேன். அதை என்னால் எழுத முடியாது என்று அப்போது தெரிந்தது. அவர் அங்கே குத்தவைத்துக்கொண்டு பட்டையைத் தொட்டதும் கை வராமல் போனது எப்படி என்பது ஓரளவு புரிந்தது.

ஒன்றே காலுக்கு பார்லருக்குப் போனேன். மத்தியானக் கறவை நடந்துகொண்டிருந்தது. பட்டைகள் அப்படியே இருந்தன. அவர் என்னைப் பார்த்து, உங்களைக் கேட்காமல் அவிழ்க்க வேண்டாம் என்று நினைத்தேன் என்றார்.

முதலில், நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள், நான்தான் மறந்துவிட்டேன் என்றேன். அவர் வெற்றி பெற்றவர்போல் பக்கத்துப் பசுவின் முதுகில் தட்டி, “கேட்டோ?” என்று அதனிடம் சொன்னார். பிறகு மருத்துவரிடம் சொல்லப்போகிறேன் என்றேன். உங்கள் பெயருக்கு முன் என் பெயரைச் சொல்வேன், பொய் இருப்பது என் கையெழுத்தில் என்றேன். அவர் ஒரு பசுவின் மடியைத் துடைத்து முடித்தார்.

“சேர்ந்து போவாம்” என்றார்.

மருத்துவர் அறைக்கு இருவரும் போனபோது மணி இரண்டு ஐம்பது. நான் ஆங்கிலத்தில் சொன்னேன். குறிப்பேட்டையும், மூன்று வருடத்துக்கு முந்தைய நாட்குறிப்பையும் மேசையில் வைத்தேன், மருத்துவரால் தமிழ் படிக்க முடியாது என்று தெரிந்தும். மருத்துவர் என்னை விட்டுவிட்டுச் சேட்டாவையே கேட்டார். எத்தனை நாள்? பத்து. எல்லாக் கன்றுக்குமா? எல்லாவற்றுக்கும். எத்தனை வருடம்? சேட்டா இரு கைகளின் பத்து விரல்களையும் விரித்துக் காட்டி, இன்னும் ஒரு விரலைச் சேர்த்தார்.

மருத்துவர் எழுந்து ஜன்னலண்டை போனார். சுவரோரம் அலமாரியில் அவர் மாதிரி எடுத்து வைத்த மணல் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. அவற்றில் ஒன்றை எடுத்துக் குலுக்கிப் பார்த்து வைத்தார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன், முதுகு குலுங்கியது. திரும்பும்போது முகத்தில் சிரிப்பு இல்லை. நான் மணலில் தேடிக்கொண்டிருந்தேன், யா அகீ, என் சகோதரா, என்றார். இதை நான் மேனேஜரிடம் சொல்லாமல் இருக்க முடியாது. என்ன முடிவு வரும் என்று எனக்குத் தெரியாது. கலாஸ், அவ்வளவுதான், போய் உங்கள் வேலையைப் பாருங்கள்.

வேலையைப் பார்த்தோம். மூன்று மணியிலிருந்து ஐந்தரைவரை நான் குடுவைகளைக் கழுவினேன். கழுவியவற்றையே மறுபடி கழுவினேன். ஜன்னல் வழியே தெற்குக் கொட்டில் தெரிந்தது. சேட்டா ஒவ்வொரு பசுவாகப் போய் நின்றுகொண்டிருந்தார். தடவவில்லை, பேசவில்லை, பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்பார், அடுத்ததற்குப் போவார். மாலை வெயிலில் கொட்டிலின் புழுதி பொன்னாக எழும்பி அப்படியே தங்கியிருந்தது. அதற்குள் அவர் நடப்பது, நின்று நின்று, வெகு தூரத்தில் யாரோ கனவில் நடப்பதுபோல இருந்தது. அவர் ஒன்பது பசுக்கள் முன்னால் நின்றதை எண்ணினேன். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஐந்து முப்பத்தைந்துக்கு மருத்துவர் எங்கள் இருவரையும் ஆய்வுக்கூட வாசலில் நிற்கவைத்துச் சொன்னார். மேனேஜர் முதலில் கேன்சல் என்றுதான் சொல்லியிருக்கிறார். கன்றுகள் எனக்கு வேண்டும், கன்றுகளுக்கு இந்த ஆள் வேண்டும் என்று இவர் விடாமல் நின்றிருக்கிறார். முடிவில், சேட்டா பார்லருக்குள்ளும் கொட்டிலுக்குள்ளும் இனி வரக்கூடாது. அன்று மாலை முதல் கன்றுக் குடில்களில் வேலை, சாதாரணத் தொழிலாளியாக. எனக்கு எச்சரிக்கைக் கடிதம். நாளை காலைக் கறவைக்கு முன் நாள் கடந்த பட்டைகள் அனைத்தையும் ஆய்வுக்கூடத்துக்காரன் கண்முன் அவிழ்க்க வேண்டும், அவனே அவிழ்த்தாலும் சரி. ஒரு வரிசைக் கன்றுகளுக்கு மட்டுமாவது பத்து நாள் தாய்ப்பால் கொடுத்துப் பார்க்கலாம் என்று மருத்துவர் கேட்டதற்கு மேனேஜர் பதில் சொல்லவில்லையாம்.

சேட்டா தலையசைத்தார். மருத்துவர் போனதும் பூட்ஸின் மேல் ஒட்டியிருந்த சாணத்தைப் படிக்கட்டின் விளிம்பில் உரசி எடுத்தார். வழக்கமாகக் கொட்டிலை விட்டு வரும்போது செய்வதுதான். இனி அதற்குத் தேவை இருக்காது. கன்றுகளின் சாணம் இப்படி ஒட்டாது.

“கன்னுக்குட்டியாவது தந்தாங்களே” என்றேன், ஏதாவது சொல்ல வேண்டும் என்று.

“ஆமா. அண்ணாச்சி, நாளைக்கு அதுக்குப் பதினொண்ணு.”

அவ்வளவுதான் சொன்னார். 2716-ஐப் பற்றிச் சொல்கிறார் என்று எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. அதற்குள் அவர் குடில்களை நோக்கி நடந்துவிட்டார்.

அன்றைய நாட்குறிப்பில் எல்லாவற்றையும் எழுதினேன். கடைசியில் இரண்டு வரியை அடித்தேன். என் நாட்குறிப்பில் அடித்தல் அபூர்வம். ஒன்பதே முக்காலுக்குப் படுத்தேன்.

ஜனவரி 18, புதன்கிழமை. அன்றும் பனி, முந்தைய நாளைவிடக் கொஞ்சம் மெலிதாக. ஓட்டுநர் வேலியோரம் நிறுத்தியதும் நானே இறங்கிக்கொண்டேன். ஐந்து பத்துக்குத் தெற்குக் கொட்டிலில் இருந்தேன். கறுப்புத் திட்டுகளுக்கு நடுவே 2716-ஐத் தேட வேண்டியிருந்தது. அது தானாகவே வந்து என் தோளருகே நின்றது என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை, மூன்று பசுக்களின் காதைத் திருப்பிப் பார்த்த பிறகே கிடைத்தது.

அதன் பின்னங்கால் அருகில் குத்தவைத்தேன். பட்டை ஈரமாக, உடம்புச் சூட்டோடு இருந்தது. இழுத்தால் ஒரே சத்தத்தில் பிரிந்துவிடும் ஒட்டுப்பட்டைதான். தொட்டேன். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். பிறகு அவிழ்த்தேன். பசு காலை மாற்றி வைத்துக்கொண்டது.

சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் மாதிரிப் பாட்டிலைத் திறந்து, மடியிலிருந்து கையால் சிறிது கறந்துகொண்டேன். ஐம்பது மில்லிக்கும் குறைவு. பாட்டிலில் எண்ணோ தேதியோ எழுதவில்லை. பதினோரு ஆண்டுகளில் என் கையில் பெயரில்லாத பாட்டில் அதுவே முதல்.

கம்பி வேலிக்கு அப்பால், பண்ணை எல்லைக்கு வெளியே ஒரு காஃப் மரம் நிற்கிறது. நம் ஊர் வன்னி மரம்தான். பனியில் அதன் அடிப்பகுதி மட்டும் தெரிந்தது. வேலிக்கு அருகே போனபோது, மரத்தின் வேரடியில் மணல் இறுகி, பல நாள் ஈரம் பட்டுப் பட்டு உலர்ந்த வட்டமாக, வெளுப்பாக இருப்பதைக் கண்டேன். தெய்வத்துக்கான அந்தக் கரண்டிப் பாலை ஊற்ற அவர் எந்த வழியாகக் கையை நீட்டியிருப்பார் என்று கம்பிகளைப் பார்த்தேன். ஓர் இடத்தில் இரண்டு கம்பிகள் கொஞ்சம் விலகியிருந்தன. அதன் வழியே நானும் கையை நீட்டி, பாட்டிலைக் கவிழ்த்தேன்.

தூரத்தில், கன்றுக் குடில்கள் இருக்கும் பக்கம், வாளிகள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் கேட்டது. ஆள் தெரியவில்லை.

மற்ற நான்கு பட்டைகளை அதன் பிறகு அவிழ்த்தேன். ஏழு, எட்டு, எட்டு, ஒன்பது நாள். ஐந்து நாற்பதுக்கு ஆய்வுக்கூடம் போய், ஐந்துக்கும் உண்மையான தேதியை எழுதிக் கையெழுத்திட்டேன். ஆனால் 2716-இன் பதினோராம் நாள் முதல் பால் போனது அந்த மரத்தடிக்கு.